நோய்க்காலத்தில் அரசின் அதிகாரமும் நம் சுதந்திரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளைநோய் பரவும் நாள்களில் அரசு நம்மை வீட்டுக்குள் இருக்கச் சொல்கிறது, எல்லைகளை மூடுகிறது, ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறது, யாரோடு பழகினோம் என்று விசாரிக்கிறது. இவற்றில் எதற்கு இணங்க வேண்டும், எதை எதிர்த்துக் கேட்க வேண்டும் என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். ஆனால் சிக்கல் எங்கும் ஒன்றுதான்.

நோயைக் காரணம் காட்டி என் நடமாட்டத்தைத் தடுக்க அரசுக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. என் மூச்சில் வெளிவரும் கிருமி இன்னொருவரின் உயிரைப் பறிக்கக்கூடும் என்றால், நான் எங்கே போகிறேன், யாரோடு கூடுகிறேன் என்பது என் சொந்த விவகாரமாக மட்டும் இருக்க முடியாது. 1377-இல் அட்ரியாட்டிக் கடற்கரையில் இருந்த ரகூசா குடியரசு, பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாள்கள் வெளியே தங்கிய பிறகே நகருக்குள் நுழையலாம் என்று ஆணையிட்டது. கிருமி என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாத காலம் அது. இன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையும் (1966) பொதுச் சுகாதாரத்தைக் காப்பதற்காக நடமாட்டம், கூட்டம் கூடுதல் போன்ற உரிமைகளைக் கட்டுப்படுத்த இடம் தருகிறது.

அரசுகள் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திக்கொள்கின்றன. கட்டுப்படுத்துகிற உரிமை தனியாக வருவதில்லை, ஒரு கடனோடு சேர்ந்தே வருகிறது. ஏன் கட்டுப்படுத்துகிறேன், எதுவரை கட்டுப்படுத்துகிறேன் என்று சொல்ல வேண்டும். கட்டுப்பட்டு வீட்டுக்குள் இருப்பவர் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடனை அடைக்காத அரசு மக்களின் ஒத்துழைப்பைக் கேட்கும் தகுதியை இழக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்த அதிகாரத்துக்கு எல்லை எங்கே?

1984-இல் இத்தாலியின் சிராகுசா நகரில் கூடிய சட்ட வல்லுநர்கள் இதற்கான அளவுகோலை வகுத்தார்கள். சிராகுசா கோட்பாடுகள் என்று அவற்றை அழைக்கிறார்கள். கட்டுப்பாட்டுக்குச் சட்டத்தின் அடிப்படை இருக்க வேண்டும்; உண்மையான தேவை இருக்க வேண்டும்; நோக்கத்தை அடையக் கிடைக்கும் வழிகளில் மக்களுக்கு மிகக் குறைந்த இடையூறு தருவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்; பாகுபாடு கூடாது; காலவரம்பும் மறுபரிசீலனையும் வேண்டும். சித்திரவதை, அடிமைத்தனம் போன்றவற்றை எந்த நெருக்கடியும் நியாயப்படுத்தாது. 2017-இல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தபோது இந்திய உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதே அளவுகோலைத்தான் கையில் எடுத்தது.

நடைமுறையில் அரசுகள் அதிகம் தவறுவது 'மிகக் குறைந்த இடையூறு' என்ற இடத்தில்தான். பெரும்பாலும் மூடிய அறைகளில் பரவும் நோய்க்காகக் கடற்கரையையும் பூங்காவையும் பூட்டிவிட்டு, நூற்றுக்கணக்கானவர்கள் தோளோடு தோள் நின்று வேலை செய்யும் கூடங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அந்த ஆணை நோயைப் பற்றி யோசித்து எழுதப்பட்டதல்ல. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கண்டிப்பைக் காட்டுவது எளிது என்பதால் எழுதப்பட்டது.

உயிர் போகிற நேரத்தில் சட்டப் பிரிவைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

முடியும், தேடத்தான் வேண்டும். நியூசிலாந்தில் 2020 மார்ச் 26 முதல் ஏப்ரல் 3 வரை ஒன்பது நாள்கள், மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அரசு பொதுவெளியில் அறிவித்ததே தவிர, அதற்கான முறையான ஆணையைப் பிறப்பிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. கட்டுப்பாடு தேவையானது, நியாயமானது, அளவு மீறாதது. ஆனாலும் அந்த ஒன்பது நாள்களுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. நோயை உலகமே பாராட்டும் விதத்தில் கட்டுப்படுத்திய அரசைப் பார்த்துத்தான் நீதிமன்றம் இப்படிச் சொன்னது. அரசும் கவிழவில்லை, நோய்த் தடுப்பும் குலையவில்லை.

ஸ்பெயினிலும் 2021 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் ஐவர் மறுபுறமுமாகப் பிரிந்து, முந்தைய ஆண்டின் ஊரடங்குக்கு அரசு பயன்படுத்திய சட்டவகை போதாது என்று முடிவுசெய்தது. அவ்வளவு கடுமையான அடைப்புக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவைப்படும் வேறொரு வகை அவசரநிலையை அறிவித்திருக்க வேண்டும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் நிலைப்பாடு.

மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைத்தால் அதன் பிறகு கேள்வி எதற்கு?

இந்தச் செயலைச் செய்தால் தொற்று குறையும் என்று சொல்வது மருத்துவரின் வேலை. அதற்காக ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளியை இழக்கலாமா என்பது நாம் எல்லோரும் சேர்ந்து, தேர்ந்தெடுத்த மன்றங்களில் விவாதித்து முடிவெடுக்க வேண்டிய ஒன்று. இன்னொரு சிக்கலும் உண்டு. 'வல்லுநர் சொன்னார்' என்று அரசு சொல்லும்போது வல்லுநர் உண்மையில் என்ன சொன்னார் என்பதை நாம் பார்ப்பதில்லை. அறிவுரை எழுத்தில் இருக்க வேண்டும், வெளியிடப்பட வேண்டும்.

அடைத்துவைக்கப்பட்டவர்களுக்கு அரசு என்ன கடமைப்பட்டிருக்கிறது?

சுதந்திரம் பற்றிய பேச்சு பெரும்பாலும் முகக்கவசத்தையும் ஊசியையுமே சுற்றி வருகிறது. மிகப் பெரிய அநீதி நடக்கும் இடம் இதுதான் என்பதால் இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

2014 ஆகஸ்ட் 20 அன்று, எபோலா பரவிக்கொண்டிருந்த லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், வெஸ்ட் பாயிண்ட் என்ற நெரிசலான ஏழைக் குடியிருப்பைப் படையினர் ஒரே இரவில் சுற்றி வளைத்து அடைத்தார்கள். பல்லாயிரம் பேருக்கு உணவும் தண்ணீரும் எங்கிருந்து வரும் என்ற ஏற்பாடு முன்கூட்டியே செய்யப்படவில்லை. மக்கள் கொதித்தெழுந்தார்கள். படையினர் சுட்டதில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பத்து நாள்களில் அரசே அடைப்பை விலக்கிக்கொண்டது. அதன் பின்னர் அங்கே நோயைக் குறைத்ததில், ஊர்ப் பெரியவர்களும் தன்னார்வலர்களும் வீடு வீடாகச் சென்று பேசியதற்குப் பெரிய பங்கு இருந்தது.

2020 ஜூலை 4 அன்று மெல்போர்னில் ஒன்பது அடுக்குமாடிப் பொதுக் குடியிருப்புகளை அரசு முன்னறிவிப்பின்றிப் பூட்டியது. ஏறக்குறைய 3,000 பேர் உள்ளே. அவர்களில் பலர் போர் நடந்த நாடுகளிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். சன்னலைத் திறந்தால் வாசலில் காவலர் படை. மருந்தும் உணவும் தாமதமாகவே வந்துசேர்ந்தன. அந்த மாநிலத்தின் குறைதீர்ப்பாளர் விசாரித்து, அவ்வாறு உடனடியாகப் பூட்டியது மருத்துவ அறிவுரையின் அடிப்படையில் எடுத்த முடிவல்ல என்றும், குடியிருப்போரின் மனித உரிமை மீறப்பட்டது என்றும் டிசம்பரில் அறிக்கை அளித்தார்.

இந்தியாவில் 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்தது. நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள்கள் ஊரடங்கு. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். தினக்கூலியை நம்பி வேற்றூரில் பிழைத்தவர்களுக்கு வேலை போயிற்று, பஸ்ஸும் ரயிலும் நின்றன. குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு அவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். மே 8 அன்று மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் தண்டவாளத்திலேயே படுத்துறங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. அவர்களின் சாவு எந்த நோய்க் கணக்கிலும் வராது. ஆனால் நோயைத் தடுக்க எடுத்த முடிவு பறித்த உயிர்கள் அவை.

வெளியே போகாதே என்று சொல்லும் அரசு, போகாமலே வாழ வழிசெய்ய வேண்டும். உணவு, மருந்து, இழந்த கூலிக்கு ஈடு, பிரசவத்துக்கும் டயாலிசிஸுக்கும் போகும் வழி, குடும்பத்தோடு பேசும் வாய்ப்பு ஆகிய எல்லாம் ஆணை பிறக்கும் அதே நாளில் தயாராக இருக்க வேண்டும். இவை அரசு காட்டும் கருணை அல்ல. பொது நன்மைக்காக ஒருவர் தன் பிழைப்பை விட்டுக்கொடுக்கும்போது சமூகம் அவருக்குப் பட்டிருக்கும் கடன்.

ஊரடங்கு எல்லோருக்கும் பொதுவானதுதானே, அதில் பாகுபாடு எங்கிருந்து வருகிறது?

கோடு எங்கே போடப்படுகிறது என்பதிலிருந்து வருகிறது. 1900-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் அச்சத்தால் சீனர்கள் வாழ்ந்த பகுதி சுற்றிவளைக்கப்பட்டது. எல்லைக்கோடு வெள்ளையரின் கட்டடங்கள் வந்த இடத்தில் மட்டும் வளைந்து ஒதுங்கிப் போனது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஆயிரக்கணக்கான மக்களை நோயாளிகளோடு சேர்த்து அடைத்தால் நோய் அவர்களுக்குள் பரவத்தான் செய்யும் என்றும், இது ஓர் இனத்தைக் குறிவைத்த நடவடிக்கை என்றும் கூறி நீதிபதி அதை ரத்து செய்தார்.

தனி மனிதருக்கும் இது நேர்ந்திருக்கிறது. நியூயார்க்கில் சமையல்காரராக வேலை பார்த்த மேரி மாலன் டைபாய்டு கிருமியை உடலில் சுமந்தார், ஆனால் அவருக்கு நோய் இல்லை. 1907-இல் பிடித்துத் தீவு ஒன்றில் தனிமைப்படுத்தினார்கள். 1910-இல் சமையல் வேலைக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு விடுவித்தார்கள். வேறு பிழைப்புக்கு நிலையான வழி அமையவில்லை. வேறு பெயரில் மீண்டும் சமைக்கப் போனார், நோய் பரவியது, 1915-இல் மறுபடி பிடிபட்டு 1938-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் மீது தவறே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவரைப் போலவே கிருமியைச் சுமந்த நூற்றுக்கணக்கானவர்கள் அதே நகரில் வெளியே நடமாடினார்கள். வாழ்நாள் சிறை, துணைக்கு ஆளில்லாத அந்த ஐரிஷ் பணிப்பெண்ணுக்குத்தான் வாய்த்தது.

தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா?

'கட்டாயம்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன: ஆளைப் பிடித்து ஊசி குத்துவது, குத்திக்கொள்ளாதவருக்கு அபராதம் விதிப்பது, சில இடங்களுக்கு அவர் வருவதைத் தடுப்பது. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் வாதாடினால் விடிய விடிய வாதாடலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெரியம்மை ஊசியை மறுத்த ஜேக்கப்சன் என்ற பாதிரியாருக்கு ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது செல்லும் என்று 1905-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கூடவே, அதிகாரத்தைக் கண்மூடித்தனமாகவோ கொடுமையாகவோ பயன்படுத்தினால் நீதிமன்றம் தலையிடும் என்றும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைப் பின்வந்தவர்கள் மறந்தார்கள். 1927-இல் அதே உச்ச நீதிமன்றம், 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று அரசு முத்திரை குத்திய பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்கு அது எடுத்துக்காட்டிய முன்னுதாரணம் ஜேக்கப்சன் வழக்கு. ஐந்து டாலர் அபராதத்திலிருந்து கருத்தடை வரை செல்ல 22 ஆண்டுகள்தான் ஆயிற்று. நோய்க்காலத்துத் தீர்ப்புகளை அந்த நோயோடு சேர்த்து மட்டும் படிக்க வேண்டும் என்று சட்ட அறிஞர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நடுநிலையான ஒரு வழியைக் காட்டியது. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும். அதே சமயம் பொதுநலன் கருதி அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம். ஆனால் அப்போதைய நிலவரத்தில், போடாதவர்களை மட்டும் பொது இடங்களிலிருந்து விலக்கிவைக்கப் போதிய அடிப்படை இல்லை என்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ 2021 ஏப்ரலில், குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கிய செக் நாட்டுச் சட்டத்தை ஏற்றது. அங்கும் தண்டனை அபராதமும் மழலையர் பள்ளியில் இடமறுப்பும்தான், வலுக்கட்டாயமாகக் குத்துவது அல்ல.

தடுப்பூசி கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த மாபெரும் சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை, எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன். முதியோர் இல்லத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பணிபுரிகிறவரிடம் அதைக் கட்டாயமாகக் கேட்பது நியாயம். ஊசி போடாதவருக்கு ரேஷன் இல்லை, கூலி இல்லை என்பது மிரட்டல்.

தொற்றைத் தடமறியும் செயலிகளை நம்பலாமா?

வாக்குறுதியை நம்பாதீர்கள், சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் தடமறியும் செயலியின் தகவல்கள் தொற்றைக் கண்டறிய மட்டுமே என்று 2020-இல் உறுதி கூறப்பட்டது. குற்ற விசாரணைக்கும் காவல்துறை அதைக் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளிவந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, கொடிய குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்துச் சட்டம் இயற்றினார்கள்.

சீனாவின் ஜெங்ஜோ நகரில் நடந்தது இன்னும் மோசம். 2022 ஜூனில், வங்கிகளில் முடங்கிய தங்கள் சேமிப்பைக் கேட்டுப் போராட வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கைபேசியில், தொற்று அபாயத்தை நிறத்தால் காட்டும் நலக்குறியீடு திடீரெனச் சிவப்பாக மாறியது. சிவப்பு என்றால் நடமாட முடியாது. அவர்களுக்குத் தொற்று இல்லை. பின்னர் அதிகாரிகள் சிலர் தண்டிக்கப்பட்டார்கள் என்றாலும், கருவி கையில் இருந்தால் அது எதற்குப் பயன்படும் என்பது தெரிந்துபோயிற்று.

வதந்தி பரப்புகிறவர்களைத் தண்டிக்க வேண்டாமா? அதுவும் உயிரைக் குடிக்கிறதே.

குடிக்கத்தான் செய்கிறது. 2020-இன் தொடக்கத்தில் ஈரானில், சாராயம் கொரோனாவைக் குணப்படுத்தும் என்ற வதந்தி பரவியது. மெத்தனால் கலந்த நச்சுச் சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். போலி மருந்து விற்றுக் காசு பார்க்கிறவரைத் தண்டிக்கப் பெரும்பாலான நாடுகளில் சட்டம் உண்டு, அதைப் பயன்படுத்தட்டும்.

ஆனால் 'வதந்தி' எது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அரசிடமே விட்டுவிட்டால் என்ன ஆகும்? வூஹான் நகரக் கண் மருத்துவர் லி வென்லியாங் 2019 டிசம்பர் 30 அன்று, சார்ஸ் போன்ற ஒரு நோய் பரவுவதாகச் சக மருத்துவர்களை எச்சரித்தார். சில நாள்களில் காவல்துறை அவரை அழைத்து, பொய் பரப்பியதாக எழுதிய கண்டனக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியது. 2020 பிப்ரவரி 7 அன்று அதே நோயால் அவர் இறந்தார். மார்ச் மாதம் கண்டனத்தைத் திரும்பப் பெற்றார்கள். அவர் வாயை அடைத்த அந்த நாள்களில் நோய் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

2021 ஏப்ரல் 30 அன்று, ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் சமூக ஊடகத்தில் உதவி கேட்பவர்கள் மீது நடவடிக்கை எடுத்தால் அதை நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. நோய்க்காலத்தில் மற்ற உரிமைகள் சுருங்கலாம். கருத்துரிமை மட்டும் அப்போது விரிய வேண்டும் என்பேன், நோய் எங்கே இருக்கிறது என்ற செய்தி மக்களின் வாய்வழியாகத்தான் முதலில் வருகிறது.

விதியை மீறியவரைக் காவலர் அடிக்கலாமா?

கூடாது. உலகின் எந்தச் சுகாதாரச் சட்டமும் தெருவில் தடியடியைத் தண்டனையாக விதிக்கவில்லை. தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்துவைத்ததாகக் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் 2020 ஜூனில் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். காவலர்கள் ஒன்பது பேர் மீது சிபிஐ கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

நெருக்கடி முடிந்ததும் இந்த அதிகாரங்கள் தாமாகப் போய்விடுமா?

போகாது. பிரிட்டிஷ் ஆட்சி 1897-இல் பிளேக்கைக் காட்டி அவசரமாக நிறைவேற்றிய தொற்றுநோய்கள் சட்டத்தைத்தான் இந்தியா 2020-இலும் எடுத்துப் பயன்படுத்தியது. நான்கே பிரிவுகள். அரசு என்னென்ன செய்யலாம் என்று அதில் இருக்கிறது. மக்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. 2020-இல் வந்த திருத்தம் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குத் தண்டனை சேர்த்தது, அது நல்லது. தனிமைப்படுத்தப்பட்டவரின் உரிமை அப்போதும் உள்ளே வரவில்லை.

ஹங்கேரியில் 2020 மார்ச் 30 அன்று, முடிவுத் தேதியே குறிக்காமல், ஆணைகளால் ஆளும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அரசுக்குக் கொடுத்தது. நெருக்கடியைச் சாக்காக வைத்து வேறு கணக்குகளைத் தீர்ப்பதும் நடக்கும். குஜராத் அரசு தொற்றைக் காரணம் காட்டித் தொழிற்சாலை வேலை நேரத்தை நாளுக்கு 12 மணி ஆக்கி, கூடுதல் நேரத்துக்கான இரட்டைக் கூலியையும் நிறுத்தியது. நாட்டின் பாதுகாப்பையே அச்சுறுத்தும் 'பொது அவசரநிலை'யாகப் பெருந்தொற்றைக் கொள்ள முடியாது என்று கூறி, 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கடுமையாக நடந்துகொண்ட அரசுகள்தானே நோயை வென்றன?

சில காலம் சில இடங்களில் வென்றதாகத் தோன்றியது. ஆனால் பயத்தால் கட்டுப்படுகிறவர் கண்காணிப்பு தளர்ந்ததும் விலகிவிடுவார், அதைவிட ஆபத்தாக, நோயையே மறைப்பார். 1897-இல் புனே நகரில் படையினர் வீடுகளுக்குள் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள், பெண்களைச் சோதித்தார்கள், பொருள்களை எரித்தார்கள். விளைவாக மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், இறந்தவர்களைக்கூட மறைத்தார்கள். பிளேக் நிற்கவில்லை. ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதைத் தொடர்ந்து திலகர் மீது, அவர் எழுத்துகளைக் காட்டித் தேசத் துரோக வழக்குப் போட்டு 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

ஓர் ஆணை எனக்கு அநியாயமாகப் பட்டால் நான் என்ன செய்வது?

தொற்றைப் பரப்பும் விதத்தில் மீறாதீர்கள், உங்கள் எதிர்ப்பின் விலையை வேறொருவர் கொடுக்க நேரிடும். ஆணையின் எழுத்துப் பிரதியைக் கேளுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தத் தேதிவரை, யார் கையெழுத்து என்று பாருங்கள். வாய்மொழி ஆணை என்றால் சொன்னவரின் பெயரையும் பதவியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். அபராதம் கட்டினால் ரசீது இல்லாமல் நகராதீர்கள். தனிமைப்படுத்தப்பட்டால் பரிசோதனை முடிவின் நகலையும் விடுவிக்கும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். மேலே சொன்ன வழக்குகளில் பலவும் தனி மனிதர்களும் சங்கங்களும் தொடுத்தவைதான். தனியாகப் போக முடியாவிட்டால் தொழிற்சங்கம், சட்ட உதவி மையம், மனித உரிமை ஆணையம் ஆகியவற்றை அணுகலாம். ஆணை காலாவதியாகிவிட்டது என்பதற்காக விட்டுவிட வேண்டாம். நியூசிலாந்துத் தீர்ப்பு வந்தபோது அந்த ஒன்பது நாள்கள் முடிந்து நான்கு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தன.